நாலு யூனிட் சொச்சம்

வெள்ளக்கல்பட்டியில் மழை விட்ட பிறகும்
தகரக் கொட்டகைக்குள் மீட்டர் ஓடுகிறது.
ராத்திரியில் ஹீட்டரை மட்டும் விட்டுவைக்கிறோம்.
ஆறினால் படுக்கை கெட்டுவிடும்.
காவலுக்கு நான்.

எதிரே சூளை.
இருசப்பன் ஒரு டன் கல் ஏற்றினால்
பாதிக்குச் சற்று மேலே வானத்துக்குப் போகிறது,
மீதிதான் லாரிக்கு.
எங்கேயோ எஃகு உருகும் உலைக்குள்
செங்கலாக நின்று சூடு தாங்கப்போகும் மீதி.
போன பாதிக்கு எடைமேடையில் ரசீது கிடையாது.

அந்தப் பாதியைப் பிடித்து
எரிசாராயம் ஆக்குவது என் வேலை.
புகைபோக்கியில் குழாய் செருகி,
கழுவி, அமுக்கி,
தண்ணீரை மின்சாரத்தால் பிளந்து
ஹைட்ரஜனைக் கூட்டிவந்து
செம்புத்தூள் படுக்கையில் இரண்டையும் சேர்க்கிறேன்.
மனம் ஒப்பாத சம்பந்தம்.
அது எரிந்து முடிந்தது.
கொடுக்க ஒன்றும் மிச்சமில்லாமல்
ஆகக் கீழே படுத்துக் கிடப்பது.
எழுப்பினால் எழும்,
படி ஏறிய ஒவ்வொரு படிக்கும் கூலி கேட்கும்.

முதல் லிட்டர் வடிந்த அன்று
லோகாம்பாள் கணக்கெழுதினாள்.
செலவு: இருபத்திரண்டு யூனிட்.
எரித்தால் திரும்புவது: நாலு யூனிட் சொச்சம்.
"சொச்சம்னா எவ்ளோ மேடம்?"
"விடு, ஷேர் ஆட்டோவுக்கு ஆகாது."

இருபத்திரண்டும் மேட்டூரிலிருந்து வந்தவை.
அங்கே யூனிட்டுக்கு ஒரு கிலோ புகை, ஏறக்குறைய.
ஒரு கிலோவைப் பிடிக்க
இருபத்திரண்டு கிலோவை அவிழ்த்துவிட்டிருக்கிறேன்.
கம்மலை மீட்கக்
காசுமாலையை அடகு வைத்த கதை.

பிறகு கூரையில் சூரியப் பலகை போட்டோம்.
பத்து மணிக்கு எழுந்து வேலை செய்யும்,
மூன்று மணிக்கு ஏற்காட்டு மேகம் இறங்கினால் இருமும்.
சூரியன் பில் அனுப்புவதில்லை,
சொன்ன நேரத்துக்கு வருவதும் இல்லை.

போன வாரம்
செருப்பில் சேறு அப்ப
கழிவுக் குவியல்மேல் ஏறினேன்.
வெள்ளைக்கல்லை உரித்தபின்
வேண்டாமென்று கொட்டிய கரும்பச்சைப் பாறை,
லோடு லோடாக.
விரிசல்களில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.
நகத்தால் சுரண்டி அமிலத்தில் போட்டேன்.
நுரைத்தது.
சின்னச் சின்னக் குமிழியாக,
வேண்டா வெறுப்பாக.
நான் குழாய் போட்டுத் துரத்துவதையே
இது மழைத்தண்ணீரில் தொட்டுத் தின்றிருக்கிறது.

பின்னால் வந்த இருசப்பன் கேட்டார்:
"இதுக்கு யாரு கரண்ட் பில் கட்டுறா?"

அப்போதுதான் உறைத்தது.
அவர் சூளையில் வேகும் ஒவ்வொரு வெள்ளைக்கல்லும்
இப்படித்தான் ஒரு காலத்தில் காற்றைத் தின்று வெளுத்தது.
கரடு முழுக்கச் சேர்த்து வைத்ததை
ஒரு ஷிப்டில் அவிழ்க்கிறோம்.
அவிழ்த்ததைத் திரும்பக் கட்ட
கயிறு வாங்கிக்கொண்டிருக்கிறேன் நான்.

பொடித்தால் பாறை சீக்கிரம் உண்ணும்.
பொடிக்க ஆலை வேண்டும்,
ஆலைக்கு மோட்டார், மோட்டாருக்கு
மறுபடி அதே மீட்டர்.
பொடிக்காவிட்டால் காசு வேண்டாம், காலம் வேண்டும்.
என் பதிவேட்டில் யூனிட்டுக்குக் கட்டம் உண்டு,
ஆயிரம் ஆண்டுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்து
மேலே என்ன எழுதுவதென்று தெரியாமல்
விட்டுவைத்திருக்கிறேன்.

இப்போது மணி இரண்டே கால்.
சூளை வாயில் சிவப்பு.
குவியல் நனைந்து கிடக்கிறது,
அது பாட்டுக்குத் தின்றுகொண்டு.
மீட்டரின் கடைசி எண்
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே
புரளத் தயங்குகிறது.

ஏழு என்று எழுதினேன்.